இனாபா: திரும்புவோரின் இல்லம்

பாண்டுங் நகரிலிருந்து தாசிக்மலாயா நோக்கிச் செல்லும் மலைச்சாலையை விட்டு விலகிச் சென்றால், அடுக்கு வயல்களுக்கு நடுவே கோடேபாக் என்னும் சிற்றூர் வருகிறது. மேற்கு ஜாவாவின் புகழ்பெற்ற சூர்யாலயா பெஸந்த்ரன் அங்குதான் உள்ளது. பெயரைக் கேட்டதும் ஏதோ கோயில் போலும் என்று மயங்கினேன். சூரியன் உதிக்குமிடம் என்பது பொருளாம். பெஸந்த்ரன் என்பது மாணவர் தங்கி ஓதும் மத்ரஸா.

1905இல் ஷைகு அப்துல்லாஹ் முபாரக் அவர்கள் இதனை நிறுவினார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற மைந்தரை மக்கள் 'அபா அனோம்', அதாவது இளைய தந்தை, என்றே அழைத்தனர். காதிரிய்யா, நக்ஷபந்திய்யா ஆகிய இரண்டும் இணைந்த தரீக்கா இவர்களுடையது. முஹ்யித்தீன் ஆண்டகையின் பெயரால் ராத்திபு ஓதும் நம் ஊர்களுக்கு அது அந்நியமன்று.

போதைக்கு அடிமையான வாலிபர்களைப் பெற்றோர் கொண்டுவந்து ஒப்படைத்தபோது, அபா அனோம் அவர்கள் எவரையும் குற்றவாளி என்றோ நோயாளி என்றோ அழைக்கவில்லை. 'அனக் பினா', வளர்த்தெடுக்கப்படும் பிள்ளை, என்பதே இங்கு வழங்கும் பெயர். அவர்கள் தங்கும் இல்லத்திற்கு 'இனாபா' என்று பெயர்; இறைவன்பால் திரும்புதல் என்று பொருள்படும் அரபுச் சொல். இத்தகைய இல்லங்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் மலேசியாவிலும் தோன்றின. 2011இல் அபா அனோம் மறைந்த பின்னரும் அப்பணி தொடர்ந்தது.

பின்னிரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகளை எழுப்புகிறார்கள். எலும்பைத் துளைக்கும் மலைக்குளிரில் தௌபாவுக்கான குளியல், பிறகு தஹஜ்ஜுது, அதன்பின் உரத்த குரலில் கலிமா திக்ரு. ஒவ்வொரு பர்ளு தொழுகைக்குப் பின்னும் குறைந்தது 165 முறை. தொலைவிலிருந்து கேட்கையில் அது ஒரே மனிதனின் பெருமூச்சைப் போல் ஒலித்தது. போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்காதீர்கள் என்ற அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் நினைவில் எழுந்தது. மதுவில் ஊறிய ஒரு சமுதாயத்தைத் தொழுகையின் நேரங்களைக் கொண்டே படிப்படியாக விடுவித்த வரலாறு நமக்குண்டு அல்லவா?

ஆயினும் ஒரு தயக்கத்தை மறைக்க விரும்பவில்லை. மகன் சபுரில் இருக்கிறான் என்று ஊராரிடம் சொல்லிவிட்டு, அவனை மாடியறையில் பூட்டி வைத்திருந்த குடும்பமொன்றை நான் அறிவேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், மருத்துவரிடம் மட்டும் காட்டவில்லை. மூன்றாம் இரவு அவனுக்கு வலிப்புக் கண்டது. நெடுநாள் மதுவையோ தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பது அன்று எங்களில் எவருக்கும் தெரியாது. அத்தகையவரை முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். குளிர்நீரும் திக்ரும் அதன் பிறகே. திக்ரின் மகிமையை இது ஒருபோதும் குறைக்காது.

சுபுஹு தொழுகைக்கு நூருல் அஸ்ரார் பள்ளிவாசலுக்குச் சென்றேன். கடைசி ஸஃப்பில் என்னருகே நின்ற முதியவர், தம் மகன் இல்லமொன்றில் சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது என்றார். அவன் என்ன செய்கிறான் என்று கேட்டவர் எவரிடமும் தாம் பொய் சொல்லவில்லை என்பதை இருமுறை கூறினார். இகாமத் சொல்லப்பட்டது. தோளோடு தோள் சேர நெருங்கி நின்றோம்.