அக்காள் இருந்தாள், தங்கை போனாள்

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "லக்ஸம்பர்க் எங்கே இருக்கிறது?" என்று வீட்டுக் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். பிரான்ஸைக் காட்டுவார்கள், ஜெர்மனியைக் காட்டுவார்கள், கொஞ்சம் கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தால் பெல்ஜியத்தையும் காட்டிவிடும். இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் லக்ஸம்பர்க். வடக்கிலிருந்து தெற்கே 82 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்கே 57. காலையில் காப்பி சாப்பிட்டுவிட்டுக் காரில் கிளம்பினால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

'இத்தனை சின்ன தேசத்தைப் பற்றி இவள் எதற்காகப் பேச வந்தாள்?' என்று நினைக்கிறீர்களா? அந்த நாட்டுச் சிம்மாசனத்தில் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்த இரண்டு சகோதரிகளின் கதையைச் சொல்லத்தான். இரண்டு மகாயுத்தங்களிலும் பக்கத்து வீட்டு ஜெர்மனி அந்த நாட்டுக்குள் புகுந்தது. முதல் தடவை அக்காள் ஊரிலேயே இருந்தாள். இரண்டாம் தடவை தங்கை ஊரை விட்டுப் போய்விட்டாள். இருந்தவளை ஜனங்கள் வெறுத்தார்கள். போனவளைக் கொண்டாடினார்கள். இருந்தவள் தைரியசாலி, ஓடியவள் கோழை என்றுதானே நாம் சொல்லிப் பழக்கம்? இங்கே எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது பாருங்கள்!

'ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி' என்பார்கள். லக்ஸம்பர்க் அரசர் வில்லியமுக்கோ ஆறு பெண்கள், பிள்ளையே கிடையாது. ஆனால் அவர் ஆண்டியாகிவிடவில்லை. மூத்த பெண்ணே பட்டத்துக்கு வருவாள் என்று 1907-ஆம் வருஷம் ஏற்பாடு செய்துவிட்டார். 1912-இல் அவர் காலமானதும், மூத்தவள் மரீ அடெலெய்ட் பட்டத்துக்கு வந்தாள். அந்த ஊரில் மகாராணி என்று சொல்வதில்லை. கிராண்ட் டச்சஸ் என்பது பட்டம். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன.

அவளுடைய நாட்டுக்குக் கோட்டையும் இல்லை, சேனையும் இல்லை. 1867-இல் லண்டனில் பெரிய வல்லரசுகள் கூடி, "உன் கோட்டையை இடித்துவிடு. எங்கள் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதே. உனக்கு நாங்கள் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பிக் கோட்டையை இடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் சில நூறு சிப்பாய்களும் போலீஸ்காரர்களும்தான். கையெழுத்துப் போட்டவர்களில் பிரஷ்யாவும் ஒன்று. பிற்பாடு ஜெர்மானியப் பேரரசுக்குத் தலைமை தாங்கியது அதே பிரஷ்யாதான்!

1914-ஆம் வருஷம் ஆகஸ்டு 1-ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு, எல்லையோரத்தில் உள்ள த்ருவாவியெர்ஜ் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் சிலர் வந்து இறங்கினார்கள். அந்தப் பெயருக்கு 'மூன்று கன்னியர்' என்று அர்த்தம். தந்தி ஆபீஸைப் பிடித்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் வேறு சிலர் மோட்டாரில் வந்து, "தவறு நடந்துவிட்டது" என்று அவர்களைத் திரும்பக் கூட்டிப்போனார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது தவறும் இல்லை, திரும்புவதும் இல்லை. பெரும் படையே பாலங்களைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. "உங்கள்மேல் எங்களுக்கு விரோதமே கிடையாது. ரயில் பாதையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து காப்பாற்றத்தான் வந்தோம். நஷ்டம் ஏதாவது ஏற்பட்டால் ஈடு கொடுத்துவிடுகிறோம்" என்று ஜெர்மன் சர்க்கார் சொன்னது. கொல்லைக் கதவை உடைத்துக்கொண்டு வந்தவன், 'கதவுக்கு விலை தந்துவிடுகிறேன், அம்மா' என்று சொல்வது போல் இல்லையா?

அதே 2-ஆம் தேதி மாலை பெல்ஜியத்துக்கும் ஒரு கடிதம் போயிற்று. "எங்கள் படைக்கு வழி விடு. பன்னிரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லு." பெல்ஜிய அரசர் ஆல்பர்ட், மந்திரிகளுடன் இரவெல்லாம் கண் விழித்து யோசித்து, விடியற்காலையில் 'முடியாது' என்று பதில் அனுப்பினார். 4-ஆம் தேதி படை எல்லையைத் தாண்டியது. அந்த ஒரு சொல்லுக்குப் பெல்ஜியம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. சில வாரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் கொல்லப்பட்டார்கள். லூவேன் சர்வகலாசாலையின் பழம்பெரும் புத்தகசாலை சாம்பலாயிற்று. ஆல்பர்ட் மட்டும் நாட்டின் மேற்கு மூலையில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு, நாலு வருஷமும் தம் சேனையோடு நின்றார். ராணி எலிசபெத் அங்கேயே காயம்பட்டவர்களைக் கவனித்தாள். அவளோ பவேரியாவில் பிறந்தவள். ஜெர்மனிதான் அவளுக்குப் பிறந்த வீடு!

உலகம் பெல்ஜியத்தைப் புகழ்ந்தது. புகழ்ந்த வாயோடு லக்ஸம்பர்க்கின் பக்கம் திரும்பி, 'இந்தப் பெண் என்ன செய்தாள்?' என்று கேட்டது.

அவள் ஒன்றும் செய்யாமல் இல்லை. கைஸருக்குத் தந்தி அடித்து ஆட்சேபித்தாள். பிரதம மந்திரி எய்ஷனும் ஆட்சேபம் தெரிவித்தார். அதற்குமேல் இருபது வயதுப் பெண் எதை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? ஜெர்மானியரும் அவளை அரண்மனையிலேயே விட்டுவைத்தார்கள்; மந்திரிசபை, சட்டசபை எல்லாம் பெயருக்கு நடந்தன. ஆகஸ்டு முடிவில் கைஸரே தமது தலைமை ஸ்தலத்தை லக்ஸம்பர்க் நகருக்குக் கொண்டுவந்துவிட்டார். அவள் அவரை அரண்மனையில் வரவேற்றாள். 1918-இல் இன்னொரு தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை யார் தெரியுமா? பவேரியாவின் பட்டத்து இளவரசர். ஜெர்மன் சேனையின் பெரிய தளபதிகளில் ஒருவர்! ரொட்டிக்குத் திண்டாடிக்கொண்டிருந்த ஜனங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். என் நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டைப் பிடித்துக்கொண்டவனை வா என்று கூப்பிட்டு உபசாரம் வேறு செய்வாளோ?" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலே, "வாசலில் அவன் துப்பாக்கியோடு நிற்கிறான். உள்ளே ஊர் ஜனம் இருக்கிறது. நீயாக இருந்தால் அவன் முகத்தில் கதவைச் சாத்துவாயாக்கும்?" என்றாள்.

"நானாக இருந்தால் கிளம்பிப் போயிருப்பேன், அம்மா."

"போயிருந்தால், விட்டுவிட்டு ஓடினாள் என்று நீயே சொல்லியிருப்பாய்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் சரித்திரம் மாமியார் கட்சியில் சேரவில்லை. யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சு சர்க்கார் அவளுடைய மந்திரிகளோடு பேசவே மறுத்தது. உள்ளூர் அரசியலில் அவளை எதிர்த்துவந்த கட்சிகளுக்கும் இது வசதியாகப் போயிற்று. 1919 ஜனவரியில் குடியரசு வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தது. மரீ அடெலெய்ட் முடியைத் துறந்தாள். பிறகு கன்னிமாடத்தில் சேர்ந்தாள். ஏழைகளுக்கு ஊழியம் செய்யப் போனாள். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1924 ஜனவரியில் பவேரியாவில் கண்ணை மூடினாள். வயது இருபத்தொன்பது.

இனி தங்கையின் கதை. ஷார்லட் பட்டத்துக்கு வந்தபோது இருபத்து மூன்று வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில், இவள் இருக்கட்டுமா வேண்டாமா என்று நாட்டு மக்களையே கேட்டார்கள். லக்ஸம்பர்க் பெண்களுக்கு அந்த வருஷந்தான் வோட்டுரிமை கிடைத்திருந்தது. ஆணும் பெண்ணுமாக வந்து, நூற்றுக்கு 78 பேர் வீதம் 'இருக்கட்டும்' என்று சொன்னார்கள்.

1940 மே 10-ஆம் தேதி விடியற்காலையில் ஜெர்மன் படை மறுபடியும் வந்தது. அக்காளுக்கு நேர்ந்தது தங்கைக்குத் தெரியாதா? மந்திரிகளுக்குத்தான் தெரியாதா? அன்றைக்கே எல்லை தாண்டிப் பிரான்ஸுக்குள் போய்விட்டார்கள். அங்கிருந்து போர்ச்சுகல், அமெரிக்கா, கனடா, லண்டன் என்று ஐந்து வருஷ அலைச்சல். 'நம்மைத் தவிக்க விட்டுப் போய்விட்டாளே' என்று முதலில் மனம் நொந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த செப்டம்பரில் லண்டன் ரேடியோவில் ஒரு குரல் கேட்டது. பிரெஞ்சிலும் அல்ல, ஜெர்மனிலும் அல்ல; அடுப்பங்கரையிலும் கடைத்தெருவிலும் பேசுகிற லக்ஸம்பர்க் பாஷையில் ஷார்லட் பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகக் கேட்டார்கள்.

அந்தக் குரல் அவசியமாகவும் இருந்தது. ஹிட்லர் அனுப்பிய அதிகாரி குஸ்தாவ் ஸைமன், இப்படி ஒரு தேசமே கிடையாது, நீங்கள் எல்லாரும் ஜெர்மானியர்தான் என்று சாதித்தான். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு 'மெர்ஸி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்வதுகூடக் குற்றம். ஆட்களின் பெயர்களையே ஜெர்மன் பெயர்களாக மாற்றச் சொன்னான். 1941 அக்டோபரில் ஒரு ஜனத்தொகைக் கணக்கு. உன் தேசம் எது, உன் தாய்மொழி எது, உன் இனம் எது என்று மூன்று கேள்விகள். லக்ஸம்பர்க் பாஷை வெறும் பேச்சு வழக்கு, அதை மொழி என்று எழுதாதே என்ற எச்சரிக்கையும் உண்டு. மாதிரிக்குச் சில ஊர்களின் தாள்களை எடுத்துப் பார்த்தான் ஸைமன். மிகப் பெரும்பாலோர் மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: லக்ஸம்பர்க், லக்ஸம்பர்க், லக்ஸம்பர்க்! கணக்கெடுப்பையே ரத்து செய்துவிட்டான்.

அதே மாதத்தில் யூதர்களை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் கிழக்கே புறப்பட்டது. போனவர்களில் மிகச் சிலரே திரும்பினார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. 1942 ஆகஸ்டில், வாலிபர்களைக் கட்டாயமாக ஜெர்மன் சேனையில் சேர்க்கப்போவதாக அறிவித்தபோது தேசம் வேலைநிறுத்தம் செய்தது. இருபத்தொரு பேருக்கு மரண தண்டனை. 1945 ஏப்ரலில் ஷார்லட் திரும்பி வந்தபோது நகரமே தெருவில் நின்றது. 1964 வரையில் அவளே ஆண்டாள். இன்று லக்ஸம்பர்க் நகரில் அவளுடைய சிலை நிற்கிறது. 'நாங்கள் உங்களை நேசிக்கிறோம்' என்று அதன் கீழே அந்த ஊர்ப் பாஷையிலேயே பொறித்திருக்கிறார்கள்.

ஆகவே, எதிரி வந்தால் கிளம்பிப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. டென்மார்க் அரசர் கிறிஸ்டியன் 1940-இல் நாட்டிலேயே இருந்தார். காவல் இல்லாமல் தினந்தோறும் குதிரையில் வீதி வலம் வந்தார். ஜனங்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பெல்ஜியத்தில் ஆல்பர்ட்டின் மகன் லியோபோல்டும் நாட்டிலேயே இருந்தார். 1951-இல் அவர் முடியைத் துறக்கும்படி ஆயிற்று.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இருப்பதா போவதா என்பதல்ல விஷயம். 'இது எங்கள் சம்மதத்தோடு நடக்கவில்லை' என்ற ஒரு வார்த்தை ஜனங்கள் காதில் விழுந்ததா என்பதுதான் விஷயம். அக்காளும் அதைச் சொல்லத்தான் சொன்னாள். ஆனால் அது தந்தியாகப் போய் எங்கோ மந்திரிகளின் மேஜையில் கிடந்தது. ஊர் ஜனங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அரண்மனைக்கு வந்த கைஸர்தான். தங்கை சொன்னது ரேடியோ வழியாக வீட்டுக் கூடத்துக்கே வந்தது. 1914-இல் வீட்டுக்கு வீடு கேட்க ரேடியோ ஏது? அக்காளின் அனுபவம் தங்கைக்குப் பாடமாயிற்று. அக்காளுக்குப் பாடம் சொல்ல முன்னால் யாரும் இல்லை. அவளை வெறுத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

நம் நாடு சுதந்திரம் அடைந்த அதே 1947-ஆம் வருஷம், மரீ அடெலெய்டின் உடலை லக்ஸம்பர்க்குக்குக் கொண்டுவந்து, பெரிய தேவாலயத்தில் குடும்பத்தாரின் கல்லறையில் வைத்தார்கள். அப்போது அரியணையில் இருந்தவள் தங்கை. இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு, அக்காளும் வீடு வந்து சேர்ந்தாள்.