‘செட்’ ஆகும் வரை

கோவைக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரி. முதல் செமஸ்டர் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சிவில் பிரிவில் சேர்ந்திருந்த அந்தப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். கணக்கில் புலி. அவளை மடக்கியது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு வார்த்தை: ‘செட்’.

ஆங்கில வகுப்பில் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. ‘தி ஸ்டோரி இஸ் செட் இன் எ ஹில் வில்லேஜ்’ என்று ஒரு வரி. “இங்கே ‘செட்’ என்றால் என்ன?” என்று ஆசிரியை கேட்டார். இவள் கையைத் தூக்கி, “கணம், மேம்” என்றாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘கண மொழி’ என்று ஒரு பாடமே உண்டு. ‘செட்’ என்றால் கணம் என்று அதில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை. வகுப்பு சிரித்தது. யாரும் கேலி செய்ய நினைத்துச் சிரிக்கவில்லைதான். ஆனாலும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. மலைக் கிராமத்தில் நடக்கும் கதை என்பது பிறகுதான் புரிந்தது.

அன்றிரவு விடுதி அறையில் போனில் அகராதியைத் திறந்தாள். சூரியன் அஸ்தமித்தால் ‘செட்’. அலாரம் வைத்தால் ‘செட்’. சாப்பாட்டு மேஜையில் தட்டு, ஸ்பூன் அடுக்கினால் ‘செட்’. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டினால் ‘செட்’. கல்யாணத்துக்குத் தேதி குறித்தால் ‘செட்’. ஜெல்லி இறுகினாலும் ‘செட்’. போதாததற்கு டென்னிஸில் ஒரு செட், சினிமாவில் ஒரு செட். நாற்பது வரை எண்ணியவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஒரு வார்த்தைக்கே இந்தக் கதி என்றால், நான்கு வருடம் எப்படித் தாக்குப்பிடிப்பது?

அப்பாவுக்குப் போன் போட்டாள். “அப்பா, எனக்கு இது ஒத்து வராது போலிருக்கு. நான் ஊருக்கே வந்துடறேன்.”

அப்பா கொத்தனார். மகள் அழுவது தெரிந்தும் பதறவில்லை. “ஏஞ்சாமி, நீ போயி பத்து நாளுதான ஆச்சு? நேத்துத்தான் இங்க ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். போட்ட உடனே ஏறி மிதிச்சா என்னாகும்? செட் ஆகறக்கு நேரம் குடுக்கோணும். செட் ஆயிருச்சுன்னும் விட்டறக் கூடாது, நாள் தவறாம தண்ணி விடோணும். சனிக்கிழமை வாரேன். உனக்கு ரெண்டு செட் துணி எடுத்துட்டு வாரேன். பம்ப் செட் ரிப்பேரு, அதைப் பார்த்துட்டுப் பேசறேன் கண்ணு.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத் தெரியாத அப்பா, ஒரே மூச்சில் ‘செட்’டை மூன்று அர்த்தத்தில் சொல்லிவிட்டார். மூன்றும் சரி. இறுகுவது, ஒரு ஜதை, ஒரு தொகுப்பாகச் சேர்ந்த இயந்திரம். எந்த அகராதியும் அவருக்கு இதைக் கற்றுத் தரவில்லை. சிமெண்டும் துணிக்கடையும் தோட்டத்து மோட்டாரும் கற்றுத் தந்தவை.

உண்மையில், அவளைப் பயமுறுத்திய வார்த்தை லேசுப்பட்டது அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில், ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. பிறகு ‘ரன்’ என்ற சொல் அதை முந்தியது. அதற்கு 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லைச் சீர்செய்து எழுத, அகராதி ஆசிரியர் ஒருவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கே ஒன்பது மாதம் என்றால், பத்து நாளில் பிடிபடவில்லை என்பதில் என்ன அவமானம்?

இந்த அகராதியை 1879 முதல் தலைமையேற்று உருவாக்கிய ஜேம்ஸ் மர்ரே, ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். வீட்டில் வசதி இல்லாததால் 14 வயதில் பள்ளியை விட்டவர். தோட்டத்தில் இரும்புக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். வாசகர்கள் தாங்கள் படித்த புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைச் சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அவருடைய குழந்தைகள் கைச்செலவுக் காசுக்காக அவற்றை அகரவரிசையில் அடுக்குவார்கள். ஒரு சொல் எந்தெந்த வாக்கியத்தில், எந்தெந்தச் சொல்லோடு வருகிறது என்று பார்த்துத்தான் பொருளை முடிவு செய்தார்கள். அகராதி எழுதியவர்களே வாக்கியத்திலிருந்துதான் பொருளுக்குப் போனார்கள். நாம்தான் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வாக்கியத்தைப் பார்த்து முழிக்கிறோம்.

‘செட்’டின் வேரும் சுவாரஸ்யமானது. ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் உட்கார வை. தட்டை மேஜையில், எலும்பை அதன் இடத்தில், தேதியை நாட்காட்டியில் உட்கார வைக்கிறோம். கூட்டம், தொகுப்பு என்ற பொருளில் வரும் ‘செட்’ மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்து இதே பெயரில் குடியேறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, அறைத்தோழி ஒரு சந்தேகத்தோடு வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் அவள், ஆசைப்பட்டுத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். “அடி என்றால் ஹிட் தானே? வெயில் அடிக்குது என்கிறாய். போன் அடிக்குது, போர் அடிக்குது, காப்பி அடிச்சுட்டா என்கிறாய். இங்கே யார்தான் யாரை அடிக்கிறார்கள்?”

இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தாள். பெயிண்ட் அடிப்பது, மொட்டை அடிப்பது, கண் அடிப்பது, ஹாரன் அடிப்பது, லாட்டரி அடிப்பது. அடிபம்பில் தண்ணீர் அடிப்பது வேறு, சாயங்காலம் சிலர் தண்ணி அடிப்பது வேறு. சிக்ஸரும் அடிப்பதுதான். பானையின் அடி, அளக்கும் அடி, செய்யுளின் அடி என்று பெயர்ச்சொல்லாக வருவது தனிக் கதை. நடுவில் வார்த்தை கிடைக்காதபோது கையை ஆட்டினாள், நடித்துக் காட்டினாள். தோழி விழுந்து விழுந்து சிரித்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“இத்தனையும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய்?” என்று கடைசியில் கேட்டாள்.

இவள் ஒரு நிமிடம் யோசித்தாள். ஞாபகம் வைத்ததே இல்லையே! ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் கேட்டது, சொன்னது, அவ்வளவுதான். அப்போதுதான் மணியைப் பார்த்தாள். இருபது நிமிடமாக ஆங்கிலத்திலேயே பேசியிருக்கிறாள்.

அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். வார்த்தைக்கு எதிரே தமிழ்ப் பொருளை எழுதும் பழைய நோட்டு அல்ல. வகுப்பில் காதில் விழுந்த முழு வாக்கியத்தை எழுதும் நோட்டு. நாளைக்கு ஒன்று போதும்.

சனிக்கிழமை அப்பா பையோடு வந்தார். இரண்டு செட் சுடிதார், ஒரு டப்பா நிறைய முறுக்கு. ஊருக்கு வருகிறாயா என்று அவர் கேட்கவும் இல்லை, அவள் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

“தளம் எப்படிப்பா இருக்கு?” என்றாள்.

“செட் ஆயிருச்சு. இன்னும் தண்ணி விட்டுட்டுத்தான் இருக்கறோம்” என்றார் அப்பா.