கூரைமேல் நிற்கும் மீன்முள்

அம்மாவுக்குப் புது டீவி வந்த அன்றே வீட்டில் வழக்கு தொடங்கிவிட்டது. டிஷ் போடுவதா, பழைய அன்டெனாவையே தூக்கி நிறுத்துவதா? கேபிள் என்று மூன்றாவதாக ஒன்றைச் சொன்னான் தம்பி. கொழும்பில் வேலை செய்கிறவன் வேறு என்ன சொல்வான்? ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் நடுவே ஒரு தேயிலை மலையே கிடக்கிறது. அங்கே கேபிள் இழுக்க யார் வருவார்கள்? அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்டெனா எனக்குப் பழைய சினேகிதம். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. எங்கள் லயத்துக்கு அது வந்துசேர மேலும் சில வருஷம் பிடித்தது. கரண்ட் கிடையாது. கார் பேட்டரியை மாத்தளை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவோம். ஒரு காம்பராவில் கருப்பு வெள்ளைப் பெட்டி, வாசல்வரை தலைகள். பேசுவது பாதி விளங்காது. ஆனாலும் தொடர் நாடகத்தில் வந்த ஓஷினோடு சேர்ந்து அழுதோம். (யோசித்தால் எல்லாமே ஜப்பான்தான். ரூபவாஹினி ஜப்பான் உதவியில் எழுந்தது, ஓஷின் ஜப்பான் பெண், கூரைமேல் மீன்முள் மாதிரி நின்ற அன்டெனாவும் 1920களில் யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானியர் கண்டுபிடித்தது.)

அன்டெனாவுக்கு எதிரி மலை. ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் கூரைக்கும் நடுவே நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு மடிப்பு மறித்தால் போதும், திரையெல்லாம் புள்ளி. எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் பிந்தி வந்து, செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு நிழலையும் உட்காரவைக்கும். மாமா கூரைமேல் அன்டெனா கட்டிய மூங்கிலைத் திருப்புவார், நாங்கள் கீழிருந்து கத்துவோம். "வருதா?" "வந்துருச்சு! ஐயோ மாமா, போச்சு!"

டிஷ்ஷுக்கு இந்தக் கூத்து இல்லை. செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றரில் நிற்கிறது. இலங்கை அந்த ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அது நமக்கு வானத்தில் உயரத்தில் இருக்கிறது, மலை மறைப்பதில்லை. தமிழ்நாட்டு நாடகங்களும் வரும். அம்மா பக்கம் தீர்ப்பானது. மாதாமாதம் ரீலோட் போடுவது என் பங்கு.

ஐப்பசியில் ஒரு இரவு அடைமழை பிடித்தது. திரையில் "சிக்னல் இல்லை" என்று ஒரு பெட்டி மட்டும் நின்றது. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர். கனத்த மழை அதை விழுங்கிவிடும். அத்தனை ஆயிரம் கிலோமீற்றர் வந்தது, எங்கள் கூரைக்குச் சற்று மேலே மழையில் செத்துப்போனது! மண்சரிவு பயத்தில் யாரும் தூங்காத நேரம் அது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுவதும் இப்படிப்பட்ட இரவுகளில்தான். பழைய அன்டெனா வயரைத் தேடியெடுத்துச் செருகினேன். அன்டெனாவுக்கு வரும் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. புள்ளி விழுந்த வசந்தம் டீவியில் எச்சரிக்கை ஓடியது. எங்கள் பக்கத்துப் பெயரும் அதில் இருந்தது. விடியும்வரை கோயில் மண்டபத்தில் இருந்தோம்.

அம்மா இப்போதும் நாடகம் பார்ப்பது டிஷ்ஷில்தான். நீங்களும் தாராளமாக டிஷ் போடுங்கள். ஆனால் அன்டெனாவைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். இடி வரும்போல் இருந்தால் மட்டும் முன்கூட்டியே இரண்டு வயரையும் பிடுங்கிவிட்டு, பேட்டரி ரேடியோவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.