முற்றமும் மைதானமும்

உடலை ஓட்டிப் பயிற்றுதற்கு ஆசிரியர் ஒருவர் அருகிருத்தல் வேண்டுமோ, வீட்டு முற்றமே போதுமோ என்று எம்முள் நெடுநாள் நிகழ்ந்த வழக்கிற்குச் சென்ற கோடை விடுமுறை தீர்ப்புக் கூறிற்று. அதனை நண்பர்கள் முன் வைக்கத் துணிகின்றோம்.

கல்லூரியிற் சேர்ந்த புதிதில் யாம் மாடிப்படி ஏறினும் இளைப்போம். உடற்பயிற்சி ஆசிரியர் எம்மை 12 நிமிட ஓட்டத்தால் அளந்தார். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட முறை அது. அந்நேரத்துள் ஓடிய தொலைவைக் கொண்டு, உடல் எத்துணைப் பிராணவாயுவைப் பயன்கொள்ளும் என்பதை மதிப்பிடுவர். யாம் ஓடியது 1,700 மீட்டர். ஆசிரியரது ஊதல் ஒலிக்கு அஞ்சி ஆறு திங்கள் ஓடி, 2,200 மீட்டரை எட்டினோம். செருக்கும் உடன் எட்டிற்று.

விடுமுறையில் ஊர் புகுந்தோம். ஏவுவாரும் இல்லை, எண்ணுவாரும் இல்லை. ஒன்பதாம் நாளே எம் ஓட்டம் ஓய்ந்தது. மாரடைப்பினின்றும் உய்ந்த எம் தந்தையாரோ, மருத்துவர் வகுத்த அளவின்படி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். நாள்தோறும் நகர மருத்துவமனை சென்று பயிலத் தொலைவு இடந்தரவில்லை. வீட்டு நடையால் என்ன விளையும் என்று யாம் உள்ளூற அஞ்சினோம். அவர் நடக்குமுன்னும் பின்னும் நாடி பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். பேச இயலல் வேண்டும், பாட இயலாதிருத்தல் வேண்டும். அதுவே தக்க வேகம் என்பது மருத்துவர் மொழி. ஆதலின் அன்னையார் திண்ணையிலிருந்து பேச்சுக்கொடுத்தவண்ணம் இருப்பார். முதல் வாரம் 10 நிமிடம் நடந்தவர், விடுமுறை முடிவில் 30 நிமிடம் நடந்தார். ஒரு நாளும் தவறிற்றில்லை.

இருதய நோயர்க்கு வீட்டுப் பயிற்சியும் மருத்துவமனைப் பயிற்சியும் ஏறத்தாழ ஒத்த பயனே தருகின்றன என்று, 2017-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 23 ஆய்வுகளை ஒருங்கு நோக்கி உரைத்தது. ஆயினும் அவ்வீட்டுப் பயிற்சி மனம்போன போக்கன்று. அறிந்தோர் வகுத்துக் கொடுத்த முறையாம்.

கல்லூரி மீண்டு மறுபடியும் ஓடினோம்: 1,900 மீட்டர்! பயிற்சியால் இருதயம் ஒரு துடிப்பிற் செலுத்தும் குருதி பெருகும். பயிற்சியை விட்டால் சில வாரங்களிலேயே குறையும். யாம் நாணினோம்.

இருதயம் இடத்தை அறியாது, ஒழுங்கையே அறியும். நோயுற்றார்க்கும் புதிதாய்த் தொடங்குவார்க்கும் முதற்கண் வல்லார் ஒருவரது மேற்பார்வை இன்றியமையாதது. பின்னர் அக்கண் நம்முள்ளேயே விழித்திருத்தல் வேண்டும். எம் தந்தையார்க்கு அது விழித்திருந்தது. எமக்கோ ஊதலோடு உறங்கிவிட்டது. வரும் விடுமுறைக்கு யாமும் ஒரு குறிப்பேடு வாங்கி வைத்துள்ளோம்.