தேதி காட்டும் முறை

இணையச் செயலிகளை உருவாக்கும் தொழிலில் நெடுங்காலம் பழகிவரும் எனக்கு, ஒரு தேதியை அதை வாசிப்பவர் ஐயமின்றி உணரும் வண்ணம் திரையில் காட்டுவது எத்துணைச் சிரத்தையைக் கோரும் காரியம் என்பது நாளுக்கு நாள் தெளிவாகி வந்திருக்கிறது. 03/04/2025 என்று எழுதினால், சென்னையில் இருப்பவர் ஏப்ரல் மூன்றாம் தேதி என்றும், சிகாகோவில் இருப்பவர் மார்ச் நான்காம் தேதி என்றும் கொள்வர். இருவரும் தத்தம் தேசத்துச் சம்பிரதாயப்படி சரியாகவே வாசித்திருக்க, பணம் கட்டவேண்டிய கெடு மட்டும் ஒரு மாதம் தவறிப்போகும். நாள் பன்னிரண்டைத் தாண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு உட்பட்ட தேதிகளே ஆபத்தானவை.

ஆண்டு, மாதம், நாள் என்ற கிரமத்தை வகுத்து 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமம் இந்தக் குழப்பத்தை நீக்குகிறது. ஆயினும், அது இயந்திரங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்கு உகந்த வடிவமேயன்றி, வயது முதிர்ந்த ஒருவருக்கு அவர் மருத்துவரைப் பார்க்கவேண்டிய நாளை அறிவிக்கும் வடிவம் அன்று என்பது என் அபிப்பிராயம். அவரவர் வழக்கப்படி எழுதுவதற்கு வேண்டிய விவரங்களையெல்லாம் யூனிகோடு அமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற களஞ்சியத்தில் திரட்டி வைத்திருக்கிறது. உலாவிகள் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. தாய்லாந்துக்காரருக்கு 2025 என்பதை 543 கூட்டி 2568 என்று பௌத்த ஆண்டில் காட்டுவதும், ஜப்பானில் 2019 மே 1 முதல் ரெய்வா சகாப்தம் என்று குறிப்பதும் அதன் உதவியால் ஆகும் காரியங்கள்.

நமக்கும் அதில் இடமுண்டு. ஏ.எம்., பி.எம். என்பவை ஆங்கிலத்தில் மணிக்குப் பின்னால் நிற்க, தமிழில் பொழுதின் பெயர் முன்னால் வரவேண்டும் என்பதும், இலங்கைத் தமிழருக்கு இருபத்துநான்கு மணிக் கணக்கே வழக்கம் என்பதும் அக்களஞ்சியத்தில் பதிவாகியுள்ளன. இதை அறியாமல், மணியையும் குறியையும் தாமே ஒட்டவைத்து, இரவுப் பேருந்து ஏறவேண்டியவருக்கு ‘9:30 பிற்பகல்’ என்று காட்டும் செயலிகளைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது. அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று பொழுதைப் பகுத்துச் சொல்லும் நம் வழக்கமும் அங்கே சேகரிக்கப்பட்டிருக்கிறது. நிரலர் கேட்டால் கிடைக்கும்.

எனினும், வடிவத்தைச் சீர்செய்துவிட்ட மாத்திரத்தில் பொருளும் சரியாகிவிடும் என்று எண்ணலாகாது. ஓர் அலுவலகத்தின் ஊழியர் பதிவேட்டில், சென்னையில் பதிவு செய்த பிறந்தநாட்கள் எல்லாம் நியூயார்க் கிளையில் ஒருநாள் முந்தித் தெரிந்ததை நான் கண்டிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், மணி குறிக்காத 1990-08-15 என்ற தேதியைக் கொடுத்தால், அது சர்வதேசப் பொதுநேரத்தின் நள்ளிரவாகவே கொள்ளப்படும். அத்தருணம் இந்தியாவில் அதே நாள் காலை ஐந்தரை மணியாதலால் இங்கே சோதித்துப் பார்த்தவர் ஒருவருக்கும் பிழை புலப்படவில்லை. நியூயார்க்கிலோ அது முந்தைய நாள் இரவு எட்டு மணி. உலாவி தன் கடமையைப் பழுதறச் செய்தது; அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்வைத்து, பதினான்காம் தேதி என்று வெகு நேர்த்தியாகவே எழுதிக் காட்டியது.

பிறந்தநாள் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம் அன்று. பிறந்தவர் எந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் மாறாத வெறும் தேதி. விமானம் புறப்பட்ட நேரமோ அதற்கு நேர்மாறாக, ஒரே கணமாக இருந்து, ஊருக்கு ஊர் வெவ்வேறு மணியாகத் தோன்றுவது. இவ்விரண்டையும் ஒரே வகையில் அடக்க முற்பட்டதே அந்தப் பதிவேட்டின் குறை. மணியும் நேர மண்டலமும் சாராத தேதிக்கென்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் டெம்போரல் என்னும் புதிய ஏற்பாட்டில் தனியொரு வகையே வகுத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் அடுத்த ஆண்டு காலை பத்து மணிக்கு நடக்கவிருக்கும் கூட்டத்துக்கும் அதில் வழி உண்டு. அரசாங்கம் இடையில் கோடைக்கால நேரத்தை மாற்றினாலும் கூட்டம் பத்து மணிக்கே நிற்கும்படி, மணியோடு மண்டலத்தின் பெயரையும் சேர்த்தே அங்கே குறித்து வைக்கலாம்.