மூன்றாவது மணி நேரத்தில் தெரியும் நாயின் தரம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மெம்பிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது கிராண்ட் ஜங்ஷன் என்ற சிற்றூர். அதன் அருகில் உள்ள ஏம்ஸ் பண்ணையில் மரத்தோப்பும் புல்வெளியும் பயிர் நிலமும் கலந்து கிடக்கின்றன. பறவை வேட்டை நாய்களுக்கான தேசியப் போட்டி 1896-ல் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பிப்ரவரி மாதத்தில் இந்தப் பண்ணையில் நடந்துவருகிறது.

இங்கே நாய்கள் தேடுவது பாப்வைட் என்ற காட்டுக் காடையை. குளிர்காலத்தில் இவை பத்துப் பதினைந்தாகக் கூடிப் புதரோரம் பதுங்கியிருக்கும். பாயிண்டர், செட்டர் இன நாய்களை இரண்டிரண்டாக அவிழ்த்துவிடுகிறார்கள். நடுவர்கள் குதிரையில் பின்தொடர்கிறார்கள். ஓட்டம் மூன்று மணி நேரம்.

காடையின் வாடை பட்டதும் நல்ல நாய் பாயாது, குரைக்காது. வாலை உயர்த்தி, கல் போல நின்றுவிடும். வளர்த்தவர் வந்து பறவையைக் கிளப்பி, வெற்றுத் தோட்டா வெடிப்பார். பறவை எதுவும் சாகாது. அப்போதும் நாய் அசையக் கூடாது. கூட வந்த நாய் முதலில் கண்டுபிடித்து நின்றால், இதுவும் அதை மதித்து நிற்க வேண்டும். முதல் மணி நேரத்தில் எல்லா நாயும் துள்ளி ஓடும். மூன்றாவது மணியிலும் வேகம் குறையாமல், மோப்பத்தோடு தேடுவதுதான் தேறும்.

குட்டி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது தாய், தகப்பனின் வேலையைத்தான். கறவை மாடு வாங்கும்போது தாய்ப்பசுவின் பாலை விசாரிப்பது போலத்தான் இதுவும். கயிற்றில் இறகைக் கட்டி ஆட்டினால் பல குட்டிகள் உறைந்து நிற்கும். அது கண்ணின் வேலை, மூக்கின் திறமைக்கு அத்தாட்சி அல்ல. ஏழெட்டு வாரக் குட்டியிடம் கவனிக்க வேண்டியவை வேறு: தெளிந்த கண், நேரான கால், தட்டு விழும் சத்தத்துக்குத் திடுக்கிட்டாலும் உடனே எட்டிப்பார்க்கும் துணிச்சல். வெடிச் சத்தத்துக்கு மிரளும் நாய் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு வேட்டைப் பருவமாவது வயலில் ஓடவிடாமல் தரம் சொல்ல முடியாது.

நாய் எவ்வளவு தேர்ந்ததானாலும் பறவை இருந்தால்தானே வேலை? வேலியோரப் புதர்களையும் களைப்பூண்டு வரப்புகளையும் அழித்துச் சுத்தமாக உழுத ஊர்களில் பாப்வைட் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓரங்களைப் புதராக விட்டுவைத்த நிலங்களில்தான் அது தங்குகிறது.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் காடை, கௌதாரி வேட்டை குற்றம். ஆனால் பட்டிக் காவலுக்கு நாய் தேடும் விவசாயிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நிறத்தையும் விலையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தாய் நாய் இரவில் ஆட்டுப்பட்டியை எப்படிக் காக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டுக் குட்டியைத் தூக்குங்கள்.