அப்பப்பாவின் தமிழ் ஏன் இங்கிலீஷில வருது?

எங்கள் வீட்டில் பிரிண்டர் பெரும்பாலும் தமிழுக்குத்தான். பள்ளிக்கூட வேலையைப் பிள்ளைகள் திரையிலேயே முடித்துவிடுகிறார்கள். தாளில் வேண்டியது தமிழ்ப் பள்ளிப் பயிற்சியும், அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் தேவாரமும். அதனால் கெல்லிவில்லில் எங்கள் பிரிண்டர் படுத்தால் முதலில் நிற்பது தமிழ்.

இந்த ஜனவரியில் ஊரில் ஆறு கிழமை நின்றுவிட்டு வந்தபோது அதுதான் நடந்தது. அப்பா 2004-இல் தட்டச்சு செய்து வைத்த பதினொரு பக்க நினைவுக்குறிப்பு ஒன்று இருக்கிறது. சாவகச்சேரி, இடம்பெயர்வு, சிட்னி எல்லாம் அதில் வரும். அவர் போய் மூன்று வருடம். ஊரைப் பார்த்துவிட்டு வந்த மகள் அதைத் தாளில் வாசிக்க வேண்டும் என்றாள். பிரிண்டர் அசையவில்லை.

இப்படி நின்றால் கண்டதையும் கழற்றாமல் மூன்று தாள் அடித்துப் பாருங்கோ. கோளாறு எங்கே என்று அவையே சொல்லிவிடும்.

முதல் தாள், பிரிண்டரின் சொந்தச் சோதனைத் தாள். அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை, பிரிண்டரின் மெனுவிலேயே இருக்கும். எங்களுடையதில் கோடுகள் இடையிடையே விட்டுப்போயிருந்தன. மை பிரிண்டரை வாரக்கணக்கில் சும்மா விட்டால் நுண்துளைகளில் மை காய்ந்துவிடும். மெனுவில் உள்ள சுத்தம் செய்யும் வேலையை இரண்டு தரம் ஓட்டியதும் சரியானது. அதற்கு மேல் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு தரமும் மை செலவாகும்.

இரண்டாவது, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வரி ஆங்கிலம். 'ஆஃப்லைன்' என்றது. பயணம் போகமுதல் வீட்டுக்குப் புது மோடம் வந்திருந்தது. பிரிண்டரோ பழைய வைஃபை பெயரையே தேடிக்கொண்டிருந்தது. பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிபடும். 5 கிகாஹெர்ட்ஸில் போன் பறந்தாலும் பிரிண்டருக்கு அது தெரியாது. புது வைஃபையைக் கொடுத்தோம். அச்சு வரிசையில் தேங்கிக் கிடந்த பழைய வேலைகளையும் அழித்தோம், ஒன்று மறித்தாலே பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும். ஆங்கில வரி வந்தது.

மூன்றாவது, தமிழ்த் தாள். அப்பாவின் கோப்பைக் கொடுத்தோம். பதினொரு பக்கமும் வந்தது. முழுக்க ஆங்கில எழுத்து, ஆனால் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

"அப்பப்பாவின்ர தமிழ் ஏன் இங்கிலீஷில வருது?" என்றாள் மகள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இதில ஒரு எழுத்தும் என்ர மனுசன் எழுதேல்லை."

பிரிண்டரில் பிழையில்லை. அப்பா எழுதியது பாமினி எழுத்துருவில். யூனிகோடில் தமிழ் 1991-இலேயே சேர்ந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஆட்கள் அதற்குப் பிறகும் பல வருடம் பாமினியில்தான் தட்டினார்கள். அது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது. 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகிவிடும்.

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்தோம். பாமினியை நிறுவி, அப்பா பார்த்தபடியே ஒரு தரம் அச்சடித்தோம். பிறகு பிரதியை இணையத்தில் உள்ள மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கி, பிடிஎஃப்பாகச் சேமித்தோம். பிடிஎஃப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்து போகும். மெட்ரோவில் அடுத்த நிலையமான ரவுஸ் ஹில் நூலகத்துக்குக் கொண்டுபோனாலும் தமிழ் தமிழாகவே வரும்.

மாற்றி எல்லாவற்றையும் சரியாகச் செய்யாது. அப்பா இடையிடையே உண்மையான ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களையும் அது தமிழாக்கிக் குழப்பியிருந்தது. இரண்டு அச்சையும் பக்கத்தில் வைத்து அம்மா பென்சிலோடு உட்கார்ந்தார். மகள் வரி வரியாக வாசித்தாள். நாலாம் பக்கத்தில் அப்பாவே தட்டும்போது பாதியில் விட்ட ஒரு பெயர் இருந்தது. கோப்பிலும் இல்லை, எனக்கும் தெரியாது. அம்மா யோசிக்கவே இல்லை. "அது எங்களைத் தன்ர லொறியில ஏத்திக்கொண்டு வந்த மனுசன்" என்று முழுப் பெயரையும் எழுதினார்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு. உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டரிலோ சீடியிலோ இப்படி ஒரு பாமினிக் கோப்பு கிடக்கலாம். எழுத்துருவை எப்போதும் தேடி எடுக்கலாம். பிழைதிருத்தத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே அச்சடித்துக் கையில் கொடுங்கோ.